ஆரோக்கியம்மாளின் முழு வான்கோழி

குவைத்தில் பதினேழு வருஷம் அடுப்படியை ஆண்டுவிட்டு வந்த ஆரோக்கியம்மாளுக்கு, சொந்த வீட்டில் மிளகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாததில் வியப்பும் இல்லை. அந்த வீட்டைக் கட்டியது அவள் அனுப்பிய பணம். அடுக்கி வைத்துப் புழங்கியது நாத்தனார் புஷ்பம். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ஹாலில் ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள் புஷ்பம்.

"நீங்க உக்காருங்கண்ணி. என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன். வந்த எடத்துல எதுக்குக் கெடந்து அல்லாடுறீங்க?"

வந்த இடமாம். அன்பாகத்தான் சொன்னாள். அந்த வீட்டில் ஆரோக்கியம்மாளுக்கு நடந்தது எல்லாமே அன்பாகத்தான் நடந்தது. அதனால்தான் யார்மேலும் கோபப்பட முடியாமல் போயிற்று. நாலு பேர் சேர்ந்து கரித்துக் கொட்டினால் திருப்பிக் கொட்டலாம். நாலு பேர் சேர்ந்து உபசாரம் செய்தால் என்ன செய்வது?

அன்னவாசலிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம் போனால் அவர்கள் ஊர். ஒரு மாதா கோவில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிக்கு மோட்டார் போட்டு விடும் பஞ்சாயத்து ஆபரேட்டர்தான் அவள் கணவர் ஜெரால்டு. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். புஷ்பம் அவருடைய தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்பட்டு வராமல், பிள்ளையும் இல்லாமல், இருபத்தெட்டு வயதில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஆரோக்கியம்மாள் குவைத்துக்கு விமானம் ஏறிய அன்று ஏழு வயது மகள் பிரின்சியைப் புஷ்பத்தின் இடுப்பில்தான் ஏற்றிவிட்டுப் போனாள். ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைக்க முடியாது, கால் தரையில் இழுபடும். ஆனாலும் அன்று அப்படித்தான் நின்றார்கள்.

அந்தப் பிள்ளை அப்புறம் இறங்கவே இல்லை. பிரின்சிக்கு இப்போது இருபத்து நாலு வயது. அத்தையை 'நீ, வா, போ' என்பாள். 'லூசு அத்தை' என்றுகூடச் சொல்வாள். பெற்றவளை 'நீங்க, வாங்க' என்பாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று ஊரே மெச்சும். ஆரோக்கியம்மாளுக்கு மட்டும் அந்த மரியாதை காதில் விழும்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்று இருக்கும்.

ஈஸ்டர் முடிந்த கையோடு பிரின்சிக்குக் கல்யாணம் நடந்தது. பத்து நாள் லீவில் வந்து, தாலி கட்டியதைப் பார்த்து, பதினோராம் நாள் திரும்பப் போனவள் ஆரோக்கியம்மாள். இப்போது பிரின்சிக்கு ஆறு மாதம். பங்குனியில் பேறுகாலம். தலைக் கிறிஸ்துமஸுக்கு மகளும் மாப்பிள்ளையும் கீரனூரிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டு, குவைத்தில் வேலை பார்க்கிற வீட்டு மேடத்திடம் மன்றாடி ரெண்டு மாத லீவு வாங்கி வந்திருந்தாள். ஜனவரி பத்தாம் தேதி திரும்ப வேண்டும்.

ஆனால் திரும்புவதாக இல்லை. இது அவளுக்கும் மாதாவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மகளுக்குப் பக்கத்தில் இருந்து, பிறக்கிற பிள்ளையைத் தன் கையால் குளிப்பாட்டி, தொட்டில் கட்டி, இதே ஊரில் கிடந்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணித்தான் வந்தாள். அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால் 'அதுக்கென்ன, இரு' என்பார் ஜெரால்டு. 'இருங்கண்ணி' என்பாள் புஷ்பம், ஒரு நாற்காலியையும் போடுவாள். அந்த 'இரு' அவளுக்கு வேண்டியதில்லை. மகள் வாயிலிருந்து ஒரு தடவை 'போகாதீங்கம்மா' என்று வர வேண்டும். அது வந்துவிட்டால் மிச்ச ஆயுசுக்கு அது போதும்.

அது தானாக வராது என்பதும் அவளுக்குத் தெரியும். 'எங்கம்மா' என்று மகள் சொல்லிக்கொள்ள அவள் கையில் என்ன இருந்தது? அழுத பிள்ளைக்குப் பால் காய்ச்சியது புஷ்பம். பரீட்சைக்கு எழுப்பி விட்டது புஷ்பம். வயசுக்கு வந்தபோது உளுத்தங்களி கிண்டியது புஷ்பம். யோசித்து யோசித்துப் பார்த்ததில், ஊரில் வேறு யாருக்கும் வராத ஒரே ஒரு வேலை தன் கையில் இருப்பது ஞாபகம் வந்தது. முழு வான்கோழி.

மேடம் வீடு லெபனான் நாட்டுக் கிறிஸ்தவர்கள் வீடு. கிறிஸ்துமஸ் மத்தியானம் இருபது பேர் உட்காரும் மேஜைக்கு நடுவில் ஒரு முழு வான்கோழி வந்தாக வேண்டும். வெளியே பொன்னிறம், உள்ளே பஞ்சு, வெட்டினால் நீர் சுரக்க வேண்டும். முதல் வருஷம் காய்ந்து போனதற்கு மேடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் வருஷத்திலிருந்து மேடத்தின் அக்கா தங்கைகள் 'ஆரோக்கியாவை ஒரு நாள் அனுப்பேன்' என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிரின்சிக்கு ஒன்பது வயதிருக்கும்போது போனில் கேட்டாள்: "அங்க கிறிஸ்துமஸுக்கு என்ன சமைப்பீங்க?" இவள் விலாவாரியாகச் சொன்னாள். "எனக்கும் ஒருநாள் செஞ்சு தருவீங்களாம்மா?" என்றது பிள்ளை. அந்தக் கேள்வியைப் பதினைந்து வருஷமாக வைத்துக்கொண்டிருந்தாள் ஆரோக்கியம்மாள். இந்த முறை வந்ததும் மகளிடம் போனில் அதைச் சொன்னபோது, "அப்பிடியா கேட்டேன்?" என்று சிரித்தாள் பிரின்சி.

நார்த்தாமலைப் பக்கம் உதயசூரியன் என்றொருவர் கிணற்றடியில் இருபது முப்பது வான்கோழி வளர்க்கிறார். ஜெரால்டின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். அவர் பிடித்துக் காட்டியதெல்லாம் தாடி தொங்குகிற பெரிய பெரிய சேவல்கள்.

"பாருங்க, பத்துக் கிலோவுக்கு கொறையாது. தூக்கிப் பாருங்க."

"பெட்டையாக் குடுங்க. எளசா இருக்கணும். முத்துனது அடுப்புல காஞ்சுபோகும்."

"கொழம்புல கெடக்குறது எப்பிடிங்க காயும்?"

"கொழம்பு இல்லீங்க. முழுசா அடுப்புக்குள்ள வெச்சு வேக வைக்கப் போறேன்."

உதயசூரியன் ஜெரால்டைப் பார்த்தார். ஜெரால்டு தன் கையிலிருந்த மோட்டார் ரூம் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் நாலு கிலோவில் ஒரு இளம் பெட்டை கிடைத்தது.

நாலு கிலோக் கோழியை முழுசாக வைக்கிற அடுப்பு எந்த வீட்டில் இருக்கிறது? அன்னவாசல் கடைவீதியில் ஜெகபர் சாதிக் நடத்துகிற பேக்கரியில்தான் இருக்கிறது. கருவை விறகு போட்டு எரிக்கிற செங்கல் அடுப்பு. அவரோ கேக் வேலையில் மூழ்கிக் கிடந்தார். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது பேக்கரிக்காரரிடம் போய் அடுப்பு கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கேட்டாள். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தாரேங்க்கா. ரெண்டு விஷயம் மட்டும். நம்ம கறிக்கடை பாய்கிட்ட அறுத்துட்டு வந்துருங்க. நாளைக்கு என் அடுப்பு ரொட்டி திங்கிறவங்க ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாது பாருங்க. இன்னொண்ணு, கேக்கு வேலை இருபத்தஞ்சு காலையிலதான் முடியும். எட்டு மணிக்கு மேல அடுப்பு ஒங்களோடது."

கறிக்கடையில் பாய் ஓதி அறுத்து, வெந்நீரில் முக்கி இறகு பறித்துவிட்டு, வழக்கப்படி தோலில் கத்தியை வைத்தார். ஆரோக்கியம்மாள் பாய்ந்துபோய்த் தடுத்தாள். நம் ஊரில் கோழி என்றால் தோலை உரித்துத் துண்டு போட்டதுதான் கோழி. முழுசாக ஒருவர் கேட்டால் கடைக்காரர் என்ன நினைப்பார்?

"தோலு இருக்கட்டும் பாய். துண்டு போடாதீங்க. கொடலை மட்டும் எடுத்துட்டு முழுசாக் குடுங்க."

"முழுசாவா? என்னத்துக்கு, புதுக்கோட்டை மியூசியத்துல வைக்கவா?"

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பை கைக்கு வரும்வரை கத்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இருபத்து நாலாம் தேதி மத்தியானம் பெரிய அண்டாவில் தண்ணீர் ஊற்றி, கல் உப்பு, கொஞ்சம் சீனி, மிளகு, பிரிஞ்சி இலை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு, மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டு, அதில் வான்கோழியை முக்கி மூடி வைத்தாள். வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் கிடந்தால் கறி அந்த நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அடுப்புச் சூட்டுக்கு அசைந்து கொடுக்காது. மூடிமேல் ஒரு அம்மிக் குழவியையும் பாரம் வைத்துவிட்டு, நல்ல மனதோடு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது அண்டா கவிழ்ந்து கிடந்தது. வான்கோழி மஞ்சள் பூசிக் குளித்து, கூடையில் தண்ணீர் வடிய உட்கார்ந்திருந்தது.

"அண்ணி, மோந்து பாருங்க, கவுச்சியே இல்ல" என்றாள் புஷ்பம் முகமெல்லாம் பூரிக்க. "தண்ணி ஒரே செவப்பாக் கெடந்துச்சு. அலசாம மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு நாந்தான் ஊத்திட்டேன். மஞ்சளும் உப்பும் போட்டுத் தேச்சு அஞ்சு தண்ணி அலசிட்டேன்."

கை எல்லாம் மஞ்சளாக நின்றாள் அவள். இடுப்பு வலிக்காரி, குனிந்து ஐந்து தண்ணீர் அலசியிருக்கிறாள். அவளை என்ன சொல்ல?

"நல்லதாப் போச்சு புஷ்பம்" என்றாள் ஆரோக்கியம்மாள். மீன்காரர் போய்விட்டிருந்தார். ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் தட்டுகளை எல்லாம் கவிழ்த்து, உப்பு எங்கே என்று மறுபடி கேட்டு, மறுபடி கரைத்து, மறுபடி முக்கினாள். போன நேரம் போனதுதான். மாதாவே, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னாள்.

பண்டிகையன்று காலை எட்டு மணிக்கெல்லாம் பேக்கரியில் இருந்தாள். அடுப்புக்கு முன்னால் போய் நின்றதும் ஆளே மாறிவிட்டாள். தோலுக்கும் சதைக்கும் நடுவில் விரலை விட்டு மெல்ல விலக்கி, பூண்டு தட்டிப் போட்ட வெண்ணெயை உள்ளே தடவினாள். கால் ரெண்டையும் பார்சல் நூலால் சேர்த்துக் கட்டினாள். ஜெகபர் சாதிக் ஒரு சிட்டிகை மைதாவை அடுப்புத் தரையில் வீசி, அது சிவக்கிற நேரத்தை மனதுக்குள் எண்ணினார்.

"ரொட்டிச் சூடு இருக்குக்கா."

"கொஞ்சம் தணியட்டும் தம்பி. இதுக்கு அவசரம் ஆகாது."

நெஞ்சுப் பக்கம் கீழே இருக்கும்படி முதலில் வைத்தாள். அரை மணிக்கு ஒரு தடவை தட்டை இழுத்து, அடியில் தேங்கிய வெண்ணெயைக் கரண்டியால் மொண்டு மேலே ஊற்றினாள். பிறகு புரட்டிப் போட்டாள். தோல் ஒரு பக்கம் சீக்கிரம் சிவந்தபோது அந்த இடத்தில் மட்டும் ஃபாயில் பேப்பரை ஒட்டினாள். கேக் மாஸ்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. 'நான் எடுத்துத் தாரேன்' என்று யாரும் குறுக்கே வரவில்லை. பதினேழு வருஷத்தில் தன் மண்ணில் அவள் சந்தோஷமாக இருந்த மூன்று மணி நேரம் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

பதினொன்றரைக்குத் தொடைச் சந்தில் கம்பியைக் குத்திப் பார்த்தாள். சிவந்த நீர் வந்தால் வேகவில்லை. தெளிந்த நீர் வந்தால் வெந்துவிட்டது. கண்ணாடியாகத் தெளிந்து வந்தது.

"மாஷா அல்லா! பொன்னாட்டம் இருக்கேக்கா" என்றார் ஜெகபர் சாதிக். "ஒரு துண்டு ருசி பாக்கலாமா?"

"ஆறாம வெட்டுனா தண்ணியெல்லாம் ஓடிரும் தம்பி. சாயங்காலம் கண்டிப்பாக் குடுத்து விடுறேன்."

அங்கேயே ஒரு துண்டு வெட்டிக் கொடுத்திருக்கலாம். 'நல்லா இருக்கு' என்று அன்றைக்கு அவளிடம் மனமாரச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

பேக்கரி ஆட்டோவில், மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தாள். சூடு புடவையைத் தாண்டித் தொடையில் இறங்கியது. அவள் தட்டை நகர்த்தவில்லை. வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். புஷ்பம் தேங்காய்ப்பால் சோறும் கத்தரிக்காய்க் கூட்டும் ரசமும் வைத்திருந்தாள். கறி அண்ணியின் பொறுப்பு என்பதால் வேறு கறி எடுக்கவில்லை. மேஜைக்கு நடுவில் இடம் ஒதுக்கி ஆரோக்கியம்மாள் தட்டை வைத்து மூடியை எடுத்ததும், பிரின்சி வாயைப் பிளந்தாள்.

"அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு! இருங்கம்மா, வெட்டிராதீங்க, போட்டோ எடுத்துக்கிறேன்."

ஆறு போட்டோ எடுத்தாள். ஒன்றில் அம்மாவையும் பக்கத்தில் நிற்க வைத்தாள். "எங்கம்மா செஞ்சது" என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டாள். அதை அவள் வாய்விட்டுப் படித்தபோது ஆரோக்கியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. 'எங்கம்மா' என்று வந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி. மகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மேடம் வீட்டில் வெட்டுவது ஐயா. இவள் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் நிற்பாள். இன்று கத்தி அவள் கையில். நெஞ்சுக் கறியில் வைத்து இழுத்ததும் வெண்ணெயில் இறங்கியதுபோல் இறங்கிற்று. வெள்ளையாக, மினுமினுவென்று, பட்டைப் பட்டையாகச் சரிந்தன துண்டுகள். வெட்டிய இடமெல்லாம் நீர் சுரந்து தட்டில் வழிந்தது. மேடம் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள்.

இங்கே எல்லோரும் தட்டில் வழிந்த நீரையே பார்த்தார்கள்.

முதல் துண்டு மாப்பிள்ளைக்கு. அவர் நல்ல பிள்ளை. கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டு, மென்று, விழுங்கி, "நல்லா இருக்குங்க அத்தை" என்றார். பிறகு மிச்சத்தை மெதுவாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"என்ன ஆரோக்கியம், தண்ணியா வடியுது?" என்றார் ஜெரால்டு. "வேகலையோ?"

"வெந்துருச்சுங்க. இதுதான் இதோட பக்குவம். காயாம, ஈரமா இருக்கணும்."

புஷ்பம் ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள். "வெள்ளவெளேர்னு இருக்கே அண்ணி. ஒறப்பு ஏறவே இல்லியே. இந்தா பாருங்க, எலும்போரத்துல செவப்பு நிக்கிது."

"எளம் பெட்டைக்கு எலும்போரம் அப்பிடித்தான் இருக்கும் புஷ்பம். நான் கம்பி விட்டுப் பாத்துட்டேன், தெளிவாத்தான் வந்துச்சு."

சொல்லும்போதே தன் குரல் கெஞ்சுவது அவளுக்குக் கேட்டது. இருபது பேர் மேஜையில் ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இங்கே நாலு பேருக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? கறி என்றால் மசாலா ஏறி, கறுத்து, நீர் வற்றி இருக்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்து தின்று பழகிய நாக்கு. அவள் நாக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க அத்தை" என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். "பிரின்சிக்கு மட்டும் வேணாமே. வேகாதது எதையும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

வாய்க்குக் கொண்டுபோன துண்டோடு பிரின்சியின் கை அந்தரத்தில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"அத்தை, இதைச் சாப்பிடலாமா?" என்றாள் புஷ்பத்திடம்.

ஆரோக்கியம்மாளுக்கு எல்லாம் அந்த ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் மனசு விடுமா? 'சாப்பிடு தாயி, ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல நாக்கு துடித்தது. பிள்ளைத்தாச்சியிடம் எந்தத் தாய் அப்படி வாதாடுவாள்? நூற்றுக்கு நூறு வெந்திருந்தது. கர்த்தர்மேல் ஆணையிட்டுச் சொல்வாள். இருந்தாலும் வயிற்றுப் பிள்ளையைச் சொல்லிவிட்ட பிறகு அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று.

"அதுக்கென்ன இப்ப" என்று எழுந்தாள் புஷ்பம். "ஒரு கொதி விட்டா சரியாப் போயிரும். இருங்க, பத்தே நிமிஷம். அந்தத் தட்டைக் குடுங்கண்ணி. நீங்க உக்காருங்க, காலையிலேர்ந்து அடுப்புல வெந்துருக்கீங்க."

தட்டை எடுத்துக் கொடுத்தது ஆரோக்கியம்மாள்தான். பின்னாலேயே அடுப்படி வரை போனாள். புஷ்பம் முதல் காரியமாகத் தோலை உரித்தாள். வெண்ணெய் ஊற்றி ஊற்றிச் சிவக்க வைத்த தோல் ஒரே இழுப்பில் வந்தது. "இது சவசவன்னு கெடக்கும்" என்று ஜன்னல் வழியே கொல்லையில் போட்டாள். தெரு நாய் ரெண்டு ஓடி வந்தன. பிறகு கத்தியை வைத்து எலும்போடு சேர்த்து நறுக் நறுக்கென்று துண்டு போட்டாள். ஆரோக்கியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். தடுக்க வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை.

"அண்ணி, அந்தச் சின்ன வெங்காயத்தை எடுங்களேன்... வேணாம் வேணாம், ஒங்களுக்குத் தெரியாது, நானே எடுத்துக்கிறேன்."

மிளகும் சீரகமும் வறுபட்ட வாசனை கிளம்பியதும் வீட்டுக்கே உயிர் வந்தது. ஹாலில் பேச்சுச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல, ஜெரால்டு சிரித்தார். பிரின்சி அடுப்படி வாசலுக்கு வந்து, அத்தையின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். புஷ்பம் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து ஊதி அவள் உள்ளங்கையில் விட்டாள். பிரின்சி நக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் உப்பு" என்றாள். அந்த ரெண்டு பேருக்கும் அது பதினேழு வருஷப் பழக்கம். பக்கத்தில் ஆரோக்கியம்மாள் நிற்பது ரெண்டு பேருக்கும் இடைஞ்சலாக இல்லை. இடைஞ்சலாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

சோற்றின்மேல் மிளகுக் குழம்பு விழுந்ததும் மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். ரெண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தார்.

"வான்கோழி இம்புட்டு மெதுவா இருக்குமா! எங்க வீட்ல ஒருக்கா வெச்சு, நார் நாராப் பல்லுல மாட்டி, ரெண்டு நாளைக்கு எடுத்துக்கிட்டு இருந்தோம். இது பாருங்க, பஞ்சு கணக்காப் பிய்யுது. எப்பிடி சின்னத்தை?"

"புஷ்பம் கைப்பக்குவம் அப்பிடி மாப்பிள" என்றார் ஜெரால்டு பெருமையாக.

"நம்ம கையில என்னண்ணே இருக்கு" என்றாள் புஷ்பம். மனசறிந்து பொய் சொல்கிறவள் இல்லை அவள். எதனால் மெதுவாக இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

ஆரோக்கியம்மாளுக்குத் தெரியும். ஒரு துண்டை வாயில் போட்டதுமே நாக்கு சொல்லிவிட்டது. காரத்துக்கு அடியில், மிளகுக்கு அடியில், கறியின் நடுவில் அந்த ஈரம் அப்படியே இருந்தது. ஒரு ராத்திரி உப்புத் தண்ணீர், மூன்று மணி நேர வெண்ணெய், பதினேழு கிறிஸ்துமஸ். எல்லோரும் அதைத்தான் ருசித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். 'அந்த மெதுவு என்னோடது' என்று சொல்லலாமா? சாப்பாட்டில் போய்ப் பங்கு கேட்கிற வயசா அவளுக்கு? குழம்பு நன்றாகவும் இருந்தது. அதை மறுத்தால் நாக்கு அழுகிவிடும். அவ்வளவு நன்றாக இருந்தது.

"பேறுகாலம் முடிஞ்சாலும் ஆறு மாசத்துக்கு நான் எங்கிட்டும் போறதா இல்ல" என்றாள் பிரின்சி எலும்பைச் சப்பியபடி. "இங்கனயே கெடப்பேன். நீ இப்பிடி வெச்சுப் போடு அத்தை."

இதுதான் நேரம் என்று ஆரோக்கியம்மாளுக்குப் பட்டது. இதைவிட்டால் இனி வாய்க்காது. கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள்.

"பிரின்சி..." என்றாள். "அம்மா என்ன நெனைச்சேன்னா..."

"நீங்க என்னம்மா, சாப்பிடவே இல்ல?" என்று பதறிப்போனாள் பிரின்சி. வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து, சட்டியைத் துழாவி, நல்ல நெஞ்சுத் துண்டாக ஒன்றைத் தேடி எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு, பாசத்தோடு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"வயிறாரச் சாப்பிடுங்கம்மா. பத்தாந்தேதி போயிட்டீங்கன்னா அங்க இந்த மாதிரி ஒங்களுக்கு யாரு செஞ்சு தரப்போறா?"

ஆரோக்கியம்மாள் தலையை ஆட்டினாள்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே, என்னம்மா?"

"ஒண்ணுமில்ல தாயி" என்றாள் அவள், தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி. "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து."